செட்டிபாளையம் முதல் ஊட்டி வரை: கொங்கு நாட்டில் கோல்ஃப் ஆட வருவோருக்கு

கோல்ஃப் என்றால் நம் பக்கத்தில் பலருக்கும் இரண்டு எண்ணம்தான் வரும். ஒன்று, அது மில் முதலாளிகளின் ஆட்டம். இன்னொன்று, அசையாமல் கிடக்கிற பந்தை அடிப்பதில் என்ன கஷ்டம். 38 வயது வரை நானும் இந்த இரண்டையும் நம்பியிருந்தேன். கணபதியில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை, பம்ப் செட் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். எங்களிடம் சரக்கு எடுக்கிற ஒருவர், "ஒரு நாள் வாங்க, சும்மா கூட நடங்க" என்று செட்டிபாளையத்துக்குக் கூட்டிப் போனார். அன்று காலை நாலு மணி நேரம் அவர் பின்னால் நடந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பிப் போய்விட்டேன்.

அது நடந்து எட்டு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எதை முதலில் செய்ய வேண்டும், எதை ஆறு மாதம் தள்ளிப் போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு சொல் விஷயம்: அடிக்கிற கம்பையும் 'கிளப்' என்பார்கள், சங்கத்தையும் 'கிளப்' என்பார்கள். குழப்பம் வேண்டாம் என்று கம்பை நான் மட்டை என்றே எழுதுகிறேன்.

முதலில் இடங்கள். கோவைக்குத் தெற்கே, போத்தனூர் தாண்டிப் போனால் வரும் செட்டிபாளையத்தில் 18 குழி மைதானம் இருக்கிறது. மொத்தப் பார் 72. பார் என்றால், நன்றாக ஆடத் தெரிந்தவர் ஒரு குழியை முடிக்க எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகளின் எண்ணிக்கை. தொடங்கும் இடத்திலிருந்து குழி வரை உள்ள தூரத்தைப் பொறுத்து 3, 4, 5 என்று இருக்கும். மலைமேல் போனால் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் ஜிம்கானா கிளப், ஊட்டியில் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் ஊட்டி ஜிம்கானா கிளப். பழனி வழியாக ஏறினால் 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப். கொடைக்கானல் கொங்கு இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள், பழனிக்காரர்களுக்கு அது வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி.

இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஊட்டி அழகாக இருக்கிறது என்று முதல் ஆட்டத்தையே அங்கே வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சரிவில் நின்று அடிக்கத் தெரியாமல் பத்துப் பந்தைத் தொலைத்துவிட்டு, இந்த ஆட்டமே வேண்டாம் என்று இறங்கி வருவார்கள். சமதளத்தில் குறைந்தது மூன்று மாதம். அப்புறம்தான் மலை.

உள்ளே போவது எப்படி

இவை எல்லாம் சங்கங்கள் நடத்தும் மைதானங்கள். சினிமா தியேட்டர் மாதிரி டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்துவிட முடியாது. பொதுவாக மூன்று வழி உண்டு. உறுப்பினர் ஒருவரின் விருந்தாளியாகப் போகலாம். நீங்கள் வேறு ஊரில் ஏதாவது கிளப்பில் உறுப்பினராக இருந்தால், அதற்கும் இதற்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகலாம். மூன்றாவது, வெளியாட்களை அனுமதிக்கும் நாட்களில் கட்டணம் கட்டி ஆடலாம். அந்தக் கட்டணத்துக்கு கிரீன் ஃபீ என்று பெயர்.

எந்த வழியானாலும் முந்தின வாரமே போன் பண்ணிவிடுங்கள். நான் ஒரு முறை கேட்காமலே விடியற்காலை 5 மணிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஒரு மைதானத்துக்குப் போய் நின்றேன். அன்றைக்கு அங்கே போட்டி. வெளியாள் யாருக்கும் இடமில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை, கேட்டிருக்க வேண்டியது நான்தான். அதிலிருந்து போனில் ஐந்து விஷயம் கேட்காமல் கிளம்புவதில்லை: அன்று வெளியாள் ஆடலாமா, ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), பையைச் சுமந்து கூட வரும் கேடி கிடைப்பாரா, மட்டைகள் வாடகைக்கு உண்டா, பராமரிப்புக்கு மூடும் நாள் எது. பல மைதானங்களில் வாரத்தில் ஒரு நாள் புல்லுக்கு ஓய்வு கொடுப்பார்கள். செட்டிபாளையம் போகிறவர்கள் ஆறாவதாக ஒன்றும் பார்த்துக்கொள்வது நல்லது. கரி மோட்டார் ஸ்பீட்வே அதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே ரேஸ் இருக்கும் வார இறுதியில் சாலையில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும், கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

ஹேண்டிகேப் என்பது உங்கள் திறமைக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடிகள். 2020-இல் வந்த உலகளாவிய முறைப்படி அதிகபட்சம் 54 வரை தருவார்கள். அதாவது, முழு ஆட்டத்தில் பாரைவிட 54 அடி கூடுதலாக எடுத்தாலும் நீங்கள் உங்கள் அளவுக்கு ஒழுங்காக ஆடியவர்தான். நாற்பது வருடமாக ஆடுகிறவரும் நேற்று வந்தவரும் ஒரே நாளில் நியாயமாகப் போட்டி போட முடிகிற ஆட்டம் இது. எனக்கு இதில் பிடித்த முதல் விஷயமே இதுதான்.

என்ன வாங்குவது

கடையில் எடுத்த எடுப்பில், வெகு தூரம் அடிக்கிற 'டிரைவர்' என்ற மட்டையைக் காட்டுவார்கள். பெரிய தலை, நீண்ட தண்டு, விலையும் அதிகம். வாங்காதீர்கள். விதிப்படி 14 மட்டை வரை பையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் வருடத்துக்கு ஆறு போதும்: பந்தை உருட்ட ஒரு புட்டர், கிட்டத்தில் தூக்கிப் போட சாண்ட் வெட்ஜ், பிட்சிங் வெட்ஜ், நடுத்தூரத்துக்கு 9-ஆம் நம்பர் அயர்ன், 7-ஆம் நம்பர் அயர்ன், அதைவிடத் தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட். நம்பர் குறையக் குறையப் பந்து தாழ்வாக, அதிகத் தூரம் போகும். உறுப்பினர்கள் புது செட் மாற்றும்போது பழையதைக் கொடுப்பார்கள், கேடிகளிடம் சொல்லி வைத்தால் வரும். பந்தும் பழையதே வாங்குங்கள். புதருக்குள் போகிற பந்து புதியதாக இருந்தால் மனசு வலிக்கும்.

உடை பற்றிச் சுருக்கமாக: காலர் வைத்த டி-சர்ட், பேன்ட் அல்லது முட்டி வரை வரும் ஷார்ட்ஸ். ஜீன்ஸ் பல இடங்களில் கூடாது. ஷூவின் அடியில் ரப்பர் முனைகள்தான் இருக்க வேண்டும், இரும்பு ஆணி புல்லைக் கிழித்துவிடும். வேட்டி கட்டி வந்தவரைக் கிளப்புகள் வாசலில் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாடு அரசு சட்டமே போட்டிருக்கிறது. எனவே ஆட்டம் முடிந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வேட்டியில் தாராளமாகப் போகலாம். எங்கள் அப்பாவை நான் அப்படித்தான் கூட்டிப் போனேன். தொப்பி, தண்ணீர், ஒரு துண்டு, இரண்டு வாழைப்பழம் பையில் இருக்கட்டும். 18 குழி நடந்து முடித்தால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

பிடியும் பழக்கமும்

முதல் மாதம் மைதானத்துக்குள் போகவே வேண்டாம். பயிற்சி செய்கிற இடத்திலும் பழகும் கிரீனிலும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்று பெயர்) இருந்தால் போதும். கோச் ஒருவரிடம் ஆறு வகுப்பாவது போங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தப்பான பழக்கம் கையில் ஏறிவிட்டால் இறக்குவதற்கு இரண்டு மடங்கு நாள் ஆகும்.

பிடியில் நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தப்பு உண்டு. மம்பட்டி பிடித்த கைக்கு எதையும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும். பட்டறையில் ஸ்பேனர் பிடித்த எனக்கும் அதேதான். கோல்ஃப் மட்டை உள்ளங்கையில் இருக்கக் கூடாது, விரல்களின் அடிப்பகுதியில் படிய வேண்டும். வலது கைக்காரருக்கு இடது கை மேலே, வலது கை கீழே. இறுக்கிப் பிடித்தால் முன்கை முழுக்கக் கெட்டியாகிவிடும், மணிக்கட்டு மடங்காது. சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி: மட்டையை முன்னால் நீட்டிப் பிடித்து, அதன் தலையால் காற்றில் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் சரி. தோளே அசைந்தால் இன்னும் தளர்த்த வேண்டும்.

அப்புறம், பழகும் வரிசை. எல்லோரும் தூரமாக அடிப்பதிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் குழியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் வாரம் மூன்று அடி தூரத்திலிருந்து புட்டரால் குழிக்குள் உருட்டுவது மட்டும். அடுத்து பத்து அடி. அடுத்து, கிரீனுக்கு வெளியே நின்று வெட்ஜால் மெதுவாகத் தூக்கிப் போடுவது. அதற்கப்புறம் 50 கெஜம், 100 கெஜம். மொத்த அடிகளில் பெரும்பங்கு இந்த 100 கெஜத்துக்குள்தான் செலவாகிறது. பட்டறைப் புத்தி விடாமல், குழியையும் பந்தையும் வெர்னியரில் அளந்தே பார்த்தேன். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67. குழியின் அகலத்தில் இரண்டரைப் பந்தை வரிசையாக வைக்கலாம். இவ்வளவு இடம் இருந்தும் மூன்று அடி தூரத்திலிருந்து தவறுகிறது என்றால் குறை பார்வையிலோ வேகத்திலோதான் இருக்கும், அது பழகினால் சரியாகிற குறை.

முதல் ஆட்டம்

நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். கேடி மாஸ்டரிடம் புது ஆள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். பொறுமையான, அனுபவமுள்ள ஒருவரை அனுப்புவார். அந்தக் காலை முழுக்க அவர்தான் உங்கள் வாத்தியார். அவருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டு, முடிந்ததும் உடனே கையில் கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் டீ குடிக்கும்போது அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். வெயிலில் உங்கள் பையைச் சுமந்து நடக்கிறவர் அவர்.

டீ என்கிற தொடக்க மேடையில் பல நிறக் குறிகள் இருக்கும். மிகவும் முன்னால் இருப்பதிலிருந்து அடியுங்கள். பின்னால் இருப்பது கை தேர்ந்தவர்களுக்கு. ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் பேசாமல், அசையாமல், அவர் பார்வையில் படாமல் நிற்க வேண்டும். நிழல்கூடப் பந்தின் மேல் விழக் கூடாது. பந்து ஆட்கள் பக்கம் போவது போலிருந்தால் தயங்காமல் 'ஃபோர்' என்று உரக்கக் கத்துங்கள். அந்தச் சத்தம் உங்கள் பக்கம் வந்தால் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனியுங்கள், எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்காதீர்கள்.

பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிடம்தான். வெள்ளைக் குச்சிக்கு அப்பால் போனால் எல்லை தாண்டியது என்று அர்த்தம். ஒரு அடி தண்டனையோடு, முன்பு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டு இன்னொரு பந்து அடித்து வைத்துக்கொள்வது நேரம் மிச்சம். சிவப்புக் குச்சி போட்ட தண்ணீர்ப் பகுதியில் விழுந்தால் ஒரு அடி தண்டனை. பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல், முட்டி உயரத்திலிருந்து பந்தைக் கீழே விட்டு ஆடலாம்.

புதர் பக்கம் கவனம். நம் பக்கத்துக் காடுகளில் நாகமும் கண்ணாடி விரியனும் உண்டு, கோல்ஃப் மைதானம் அதற்கு விதிவிலக்கு இல்லை. கையை விட்டுத் துழாவ வேண்டாம், நீள மட்டையால் விலக்கிப் பாருங்கள். பந்துக்குப் பக்கத்தில் பாம்போ தேனீக்கூடோ இருந்தால் தண்டனை இல்லாமலே வேறு பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. சித்திரை, வைகாசி மாலைகளில் இடி சத்தம் கேட்டால், அடிக்கப் போன மட்டையைப் பையில் போட்டுவிட்டுக் கட்டடத்துக்கு நடங்கள். மரத்தடி ஆகாது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, மின்னலுக்காக ஆட்டத்தை நிறுத்துவதும் விதியிலேயே இருக்கிறது.

கணக்குக்கு முதல் வருடம் ஸ்டேபிள்ஃபோர்டு முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு பாருக்கு 2 புள்ளி, ஒரு அடி கூடினால் 1, ஒரு அடி குறைந்தால் 3. இரண்டு அடி கூடிவிட்டால் புள்ளி இல்லை, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு மோசமான குழி மொத்த ஆட்டத்தையும் கெடுக்காது, பின்னால் வருகிறவர்களும் காத்துக் கிடக்க மாட்டார்கள். புது ஆள் மோசமாக ஆடினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மெதுவாக ஆடினால்தான் சுளிப்பார்கள். 18 குழி நாலு மணி நேரத்துக்கு அதிகம் போகக் கூடாது.

கிரீனில் புல்லைப் பார்ப்பது

செட்டிபாளையத்தில் என் மூன்றாவது ஆட்டம் என்று நினைக்கிறேன். கிரீனில் பதினைந்து அடி தூரத்தில் பந்து. குழியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த கேடி அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். பந்துக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"குழியப் பாக்காதீங்க சார். புல்லப் பாருங்க."

"புல்லுல என்னங்ணா இருக்குது?"

"அந்தப் பக்கம் மினுமினுன்னு தெரியுதுங்களா? அது பந்து போற தெசைக்குச் சாஞ்சிருக்குதுங்க. தொட்டாப் போதும், ஓடீரும். பாதிக்கு மேல கருப்பாத் தெரியுது பாருங்க, அது நமக்கு எதுத்து நிக்குது. அங்க பந்து சோந்து போயிருமுங்க."

நானும் குனிந்து பார்த்தேன். அதுவரை ஒரே பச்சையாகத் தெரிந்த தரை இரண்டு நிறமாகப் பிரிந்தது. கொஞ்சம் அழுத்தி உருட்டினேன். பந்து உள்ளே விழவில்லை, குழிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றது. ஆனால் அவர் சொன்ன இடத்தில்தான் வேகம் குறைந்தது. அன்றிலிருந்து எந்தக் கிரீனிலும் முதலில் குத்த வைத்து உட்காராமல் நான் மட்டையை எடுப்பதில்லை.

வெயில் நாட்டு மைதானங்களில் பரவலாகப் போடும் பெர்முடா புல் வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல். அது படர்ந்து ஒரு பக்கமாகச் சாயும் குணம் உள்ளது. பளபளப்பாகத் தெரிந்தால் உங்களை விட்டு விலகிப் போகும் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கலாக, கருமையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கூடுதலாக அழுத்த வேண்டும்.

கிரீனில் இன்னொரு வேலை இருக்கிறது. உயரத்திலிருந்து விழும் பந்து தரையில் ஒரு பள்ளம் போடும். அதைச் சரிசெய்ய இரண்டு பல் உள்ள சின்ன முள்கரண்டி விற்கிறது, வாங்கிப் பையில் வையுங்கள். பலரும் அதைப் பள்ளத்துக்கு அடியில் குத்தி நெம்பித் தூக்குகிறார்கள். அப்படிச் செய்தால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும். பள்ளத்தின் ஓரத்தில் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். நாலு பக்கமும் அப்படித் தள்ளிவிட்டு, புட்டரின் அடியால் இரண்டு தட்டு. அவ்வளவுதான், பத்து விநாடி வேலை. உங்களுடையதைச் சரிசெய்த பின் பக்கத்தில் இன்னொன்று கண்ணில் பட்டால் அதையும் செய்துவிடுங்கள். மணல் குழியிலிருந்து வெளியே வந்ததும் காலடித் தடத்தைச் சீராக இழுத்துவிட்டு வருவதும் இதே மாதிரிதான். அந்தப் புல்லை நம் வறண்ட ஊரில் பச்சையாக வைத்திருக்க ஒருவர் தினமும் விடியும் முன் வந்து உழைக்கிறார்.

காற்று

கோவைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 46 கிராம்கூட இல்லாத பந்து என்ன செய்யும்? புது ஆட்கள் எதிர்காற்றில் இன்னும் ஓங்கி அடிப்பார்கள். ஓங்கி அடித்தால் பந்து பின்னோக்கிச் சுழல்வது கூடும், சுழற்சி கூடினால் மேலே மேலே ஏறும், ஏறிய பந்தைக் காற்று அப்படியே நிறுத்திக் கீழே போட்டுவிடும்.

செய்ய வேண்டியது வேறு. 9-ஆம் நம்பருக்குப் பதில் 7-ஆம் நம்பரை எடுங்கள். பந்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்காலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மட்டையைப் பிடியில் ஒரு அங்குலம் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். பந்து தாழ்வாகப் பறந்து, விழுந்த பிறகு உருண்டு போகும். புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பார்ப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்தக் கேடி அண்ணன் சொன்ன மாதிரி, "கீழ இருக்கற காத்து பொய் சொல்லுமுங்க, மரத்து உச்சியப் பாருங்க". பந்து பறக்கப் போவது மர உச்சி உயரத்தில்தானே.

காற்று வேண்டாம் என்றால் மார்கழி, தை, மாசி காலைகள் அருமை. சித்திரையில் விடியும்போதே தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். காய்ந்த தரையில் பந்து வெகு தூரம் உருளும், அதை நம் திறமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலைக்குப் போகும்போது

மூன்று மாதம் ஆகிவிட்டதா? சரி, இப்போது கிளம்பலாம்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் வண்டி எண் கொடுத்தால் கிடைக்கும். கோடை சீசனில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வைக்கிறார்கள், அதனால் மைதானத்தில் நேரம் உறுதியானதும் அதே நாளில் பாஸையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு, பர்லியாறு வழியாக 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் குன்னூர். வெலிங்டன் அதை ஒட்டியே வரும். ராணுவப் பகுதி என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உறுப்பினர் அல்லது ராணுவத்தில் உள்ளவர் யாராவது தெரிந்திருந்தால் வேலை எளிது. அங்கே ஆட வாய்ப்புக் கிடைத்தால் விட வேண்டாம். உயரம் ஊட்டியைவிடக் குறைவு என்பதால் மலை ஆட்டத்துக்கு நல்ல முதல் படி.

ஊட்டி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேல். கோவையின் உயரமோ 1,350 அடி போலத்தான். மேலே காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்தைத் தடுப்பதும் குறைவு. கோவையில் 7-ஆம் நம்பர் எடுக்கிற தூரத்துக்கு அங்கே 8-ஆம் நம்பர் போதும். காலைக் குளிரில் உடம்பும் பந்தும் விறைத்திருக்கும் என்பதால் முதல் சில குழிகளுக்கு இந்தக் கணக்கு முழுசாக ஒத்துவராது. வெயில் ஏறிய பிறகு நம்பலாம்.

உயரத்தைவிடப் பெரிய பாடம் சரிவு. ஊட்டியில் சமமான தரையில் நின்று அடிக்கிற வாய்ப்பு குறைவு. வலது கைக்காரருக்கு, பந்து பாதத்தைவிட உயரமான இடத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வாக இருந்தால் வலப்பக்கம் போகும். அதற்குத் தகுந்த மாதிரி குறியை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டை நோக்கி அடிக்கும்போது ஒரு மட்டை பெரியது (ஒரு நம்பர் குறைவானது), பள்ளத்தை நோக்கி அடிக்கும்போது ஒரு மட்டை சிறியது (ஒரு நம்பர் கூடியது). தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள், சரிவோடு சண்டை போட்டால் மட்டை தரையில் குத்தும். கிரீனிலும் கண் ஏமாற்றும். சமமாகத் தெரிகிற இடத்தில்கூடப் பந்து பள்ளத்தாக்குப் பக்கம்தான் இழுக்கும். எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் பள்ளம் என்று கிரீனுக்கு நடந்து வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏறி நின்றால் தெரியாது.

மஞ்சள் பூப் பூக்கிற முள் புதர் ஒன்று அங்கே உண்டு. வெள்ளைக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்தது. பார்க்க அழகு, பந்து உள்ளே போனால் கையை விட முடியாது. ஒரு அடி தண்டனை போட்டுக்கொண்டு வெளியே வைத்து ஆடுவதுதான் புத்திசாலித்தனம். நான் ஒரு முறை பிடிவாதமாக உள்ளே நின்று அடித்துப் பார்த்ததில் ஸ்வெட்டர் கை முழுக்கக் கிழிந்து வந்தது.

டிசம்பர், ஜனவரி காலைகளில் ஊட்டியில் உறைபனி விழும். வெள்ளை விரித்த மாதிரி இருக்கும் புல்லைப் பார்த்ததும் நடக்க ஆசை வரும். நடக்காதீர்கள். உறைந்த புல் மிதித்தால் ஒடிந்துவிடும், சில நாளில் நம் காலடி ஒவ்வொன்றும் பழுப்பாகத் தெரியும். வெயில் வந்து பனி கரையும் வரை உள்ளே உட்கார்ந்து டீ குடியுங்கள். ஆடி மாதம் அங்கே மழை, தை, மாசி நல்ல காலம். சீசனில் மேலே போக குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள், திரும்பி வரும் நேரத்தைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்கு நான் மூன்று முறைதான் போயிருக்கிறேன். அங்கேயும் 18 குழி, சோலைக்காட்டுக் காற்று, அமைதி. பழனி மலைப்பாதை 60 கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வளைவு. விளையாடுகிற அன்றே ஏறாமல் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஃபேர்வேயில், அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிவிட்ட புல்வெளியில், காட்டெருமைகள் மேயும். கடைசியாகப் போனபோது ஐந்து உருப்படி, நடுவில் ஒரு கன்று, எங்கள் பந்துகளுக்குச் சரியாக முன்னால் நின்றன. கேடி ஒன்றும் பேசாமல் பையைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். கால் மணி நேரம் கழித்து அவை தாமாகவே மரங்களுக்குள் போயின. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து, எனக்கு 9-ஆம் நம்பரை எடுத்து நீட்டினார்.